வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்

மார்ச் 3

பஞ்சு,

லாரிக்காரர் உன் விலாசத்தைக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார், கள்ளநோட்டு கைமாற்றுகிற ஆள் மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது.

போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று, நம் சோபாப் பட்டறையில் பஞ்சு மூட்டை மேல் ஏறித் தூங்கிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பையனை எழுப்பிச் சாப்பாடு போட்டேன். அன்றைக்கு வைத்த பெயர்தான் பஞ்சு. அந்தப் பையன் இன்றைக்கு முப்பதை நெருங்குகிற ஆம்பளையாகி, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு லாரி ஏறிவிட்டான். உன் அண்ணன் சொல்லாமல் போனதே எனக்குப் போதும் போதும் என்றிருக்கிறது. அவரையாவது மாரடைப்பு என்று மன்னிக்கலாம். உனக்கு என்ன கேடு?

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே நடப்பதைக் கேள். பத்து வருடத்துக்கு முன் மோட்டார் தையல் மெஷின் வாங்க உன் அண்ணன் கடன் எடுத்தாரே, நீ ஜாமீன் கையெழுத்துப் போட்டாயே, அதைக் கேட்டுத்தான் வருகிறார்கள். கடன் கொடுத்த கம்பெனி இப்போது இல்லையாம். வசூலாகாத பழைய கடன்களை எல்லாம் இன்னொரு ஏஜென்சி மொத்தமாக வாங்கிக்கொண்டதாம். அவர் உயிரோடு இருந்தவரை ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் போய் ஒன்றரை வருடம் கழித்து இவர்களுக்கு மூக்கில் வியர்த்திருக்கிறது.

வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் சிரிப்புக்காரன். வாய்க்கு வாய் 'அக்கா'. குரலை உயர்த்தவே மாட்டான். இன்னொருத்தன் தடியன். அவன் பேசவே மாட்டான். நேராக உள்ளே வந்து, நான் புதுசாக ரெக்சின் போட்டு வைத்திருக்கும் வாடிக்கைக்காரர் சோபாவில் செருப்புக் காலைத் தூக்கிப் போட்டு உட்காருவான். அவன் போனதும் நான் ஈரத்துணி எடுத்துத் துடைப்பேன்.

போனைப் பற்றிக் கேட்காதே. அதைத் தலைமுழுகிவிட்டேன். போன மாதம் சிரிப்புக்காரன், "அக்கா, என் போன்ல சார்ஜ் இல்ல, ஆபீசுக்கு ஒரு வார்த்த பேசிக்கிறேன்" என்று கேட்டான். நானும் எடுத்து நீட்டினேன், மண்டு. அதிலிருந்த எண்கள் அத்தனையும் அவனிடம் போய்விட்டன. ஃபோம் வியாபாரிக்குப் போன், மருந்துக்கடைக்காரருக்குப் போன், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்குப் போன். "உங்களுக்குத் தெரிஞ்சவ கடன வாங்கிட்டு ஊர ஏமாத்துறா." உன் முதலாளிக்கும் அப்படித்தான் போன் போய் உன் வேலை போனது. அதனால்தான் நீ சிம்மை உடைத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாய் என்று லாரிக்காரர் சொன்னார். காரணம் தெரிந்துவிட்டது. கோபம் தீரவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி வருவார்கள். என்ன பதில் சொல்வது? எழுது.

அண்ணி

•

மார்ச் 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். சொல்லிக்கொண்டு கிளம்பியிருந்தால் நீங்கள் போக விட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் வாசலில் நின்றால் நானும் போயிருக்க மாட்டேன். அவ்வளவுதான் காரணம். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் சேர்ந்திருக்கிறேன். ஓட்டல் முன்பக்கம், நாங்கள் பின்பக்கம், குப்பை வண்டி வருகிற சந்தில். விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து ரோலரில் விட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கை சுட்டுவிடும். முழங்கைக்குக் கீழே ஒரு தடம் போட்டாகிவிட்டது, பயப்படாதீர்கள், ஆறிவிட்டது. அறையில் என்னோடு மூன்று பேர். ஒருவர் குறட்டை விடுவதை நிறுத்தினால் அடுத்தவர் ஆரம்பிக்கிறார்.

அண்ணி, ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீடும் பட்டறையும் கையை விட்டுப் போகக் கூடாது. கடனை அடைத்துவிட்டு நான் திரும்பி வருவேன். நீங்கள் தையல், நான் மரச்சட்டமும் ஃபோமும். அண்ணன் இருந்தபோது நடந்த மாதிரியே நடத்துவோம். அதை நினைத்துக்கொண்டுதான் இங்கே நிற்கிறேன்.

வருகிறவர்களிடம் அண்ணன் நடந்துகொண்ட மாதிரியே நடந்துகொள்ளுங்கள். ஃபோம் வியாபாரி வசூலுக்கு வருகிற நாளில் கல்லா காலியாக இருந்தாலும், பக்கத்துக் கடையில் ஒரு நோட்டு கைமாற்று வாங்கி வரச் சொல்வாரே, நினைவிருக்கிறதா? "வந்தவன வெறுங்கையோட அனுப்பாதடா. எதையாவது கையில வை. கணக்கு ஓடிக்கிட்டிருக்குன்னு தெரிஞ்சா அவன் முகம் சுளிக்க மாட்டான்" என்பார். அதனால்தான் நம் பட்டறையில் எந்த வியாபாரியும் சத்தம் போட்டதில்லை. நீங்களும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். சின்ன நோட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

மாதம் ஒருமுறை லாரிக்காரர் இந்தப் பக்கம் வருகிறார். என் சம்பளத்தில் பாதியை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடிதம் வர ஆறு நாளாகிறது. ரயில் ஒரே நாளில் வந்துவிடுகிறது, இது மட்டும் எங்கே உட்கார்ந்து இளைப்பாறுகிறதோ தெரியவில்லை.

உங்கள் தம்பி

•

ஏப்ரல் 9

பஞ்சு,

பணம் வந்தது. பாதிச் சம்பளம் என்றாயே, இதைப் பார்த்தால் முக்கால்வாசி மாதிரி இருக்கிறது. நீ என்னத்தைச் சாப்பிடுகிறாய்? சோப்புத் தண்ணீரா?

நீ சொன்னபடியே செய்கிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு நோட்டை எடுத்து வைக்கிறேன். சிரிப்புக்காரனுக்கு வாயெல்லாம் பல். "உங்கள மாதிரி நாணயமான வீட்ட நான் பாத்ததே இல்லக்கா" என்கிறான். வாங்கிக்கொண்டதும் அவனுடைய புத்தகத்தில் என் கையெழுத்தைக் கேட்கிறான். "பணம் குடுக்கிறது நான், கையெழுத்து நீயில்ல போடணும்?" என்று கேட்டேன். "சும்மா ஒரு அடையாளத்துக்குக்கா" என்றான். போட்டேன். முதல் இரண்டு வாரம் முகம் கோணாமல் போனார்கள். உன் அண்ணன் சொன்னது சரிதான் என்று நானும் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தேன். தடியன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "இந்த வீட்டம்மாவத் தெரியுமா? எவ்வளவு கடன்னு தெரியுமா?" என்று விசாரித்தான். அவன் வாயைத் திறந்து நான் பார்த்தது அன்றுதான். மாடி வீட்டுக்காரி துணி காயப்போடுகிற சாக்கில் மணிக்கணக்கில் அங்கேயே நின்றாள். நான் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தேன். எதைத் தைத்தேன் என்று எனக்கே தெரியாது, அப்புறம் முழுவதையும் பிரித்தேன். அன்றைக்குச் சீட் கவர் வாங்க வந்தவர் வாசலோடு திரும்பிவிட்டார்.

"ஜாமீன் போட்ட தம்பி எங்கக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறான். "எங்கயோ போய்த் தொலஞ்சுட்டான், என்கிட்ட மட்டும் சொல்லிட்டா போனான்?" என்கிறேன். அதைச் சொல்கிறபோது எனக்கு நடிக்க வேண்டியதே இல்லை.

இன்னொன்று. உன்னோடு ஒரு பெண் நின்று பேசிக்கொண்டிருந்ததாகவும், அவரைக் கண்டதும் அந்தப் பெண் நழுவிவிட்டதாகவும் லாரிக்காரர் சொல்கிறார். என்னடா கதை?

அண்ணி

•

ஏப்ரல் 20

அண்ணிக்கு,

லாரிக்காரருக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற வேலையோடு ஊர்க்கதை பிடிக்கிற வேலையும் உண்டு போலிருக்கிறது.

இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறாள். என் கை சுட்ட அன்று மருந்து போட்டது அவள்தான். அப்புறம் தினமும் "காயம் எப்படியிருக்கு?" என்று கேட்டாள். காயம் ஆறின பிறகும் கேட்டாள். அவ்வளவுதான் கதை.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டு அரைமணி நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அவளுடைய அப்பாவைப் பார்த்தேன். அவர் என் சாதியையோ சம்பளத்தையோ கேட்கவில்லை. கடன்காரர்கள் துரத்தி மூன்று வீடு மாறினவராம். "தம்பி, உங்களுக்குக் கடன் உண்டா? அது மட்டும் சொல்லுங்க" என்றார். ஊருக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று உளறிவிட்டு வந்தேன். தன் தலையில் கடன் இருக்கிறதா என்று எந்த மடையன் ஊருக்கு எழுதிக் கேட்பான்? அவளும் அதையேதான் கேட்டாள்.

ஜாமீன் என்று ஒரு கையெழுத்து இருக்கிறவரை நான் அந்த வீட்டுப் படியேற முடியாது. போகட்டும். முதலில் வீடு. மற்றதெல்லாம் பிறகு. கூடுதல் நேரம் பார்க்கிறேன், அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் அனுப்புகிறேன். தடியன் வாசலில் நின்றதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் தம்பி

•

மே 14

பஞ்சு,

பெண்ணின் அப்பா சரியான ஆள். எனக்குப் பிடித்திருக்கிறது. உன்னை விடப் புத்திசாலி.

இங்கே நிலைமை மோசமாகிக்கொண்டு போகிறது. உன்னிடம் அழக் கூடாது என்று ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை தடியன் மோட்டார் மெஷினின் ஊசியைக் கையாலேயே வளைத்து உடைத்துவிட்டு, உடைந்த துண்டை மேஜை மேல் வைத்தான். ஊசி என்ன பெரிய விலையா? ஆனால் அவன் அடுத்ததாக என் கையைப் பார்த்தான் பார், நான் கையை மடியில் மறைத்துக்கொண்டேன். சிரிப்புக்காரன் உடனே, "டேய், அக்கா முன்னாடி என்னடா இது" என்று அவனைக் கடிந்துகொண்டான். இருவரும் இதை வண்டியில் வரும்போதே பேசி வைத்திருப்பார்கள்.

புகார் கொடுக்கலாம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "கடன் வாங்கினது உண்மையா இல்லையா?" உண்மை என்றேன். "அப்ப கட்டிட்டுப் போங்கம்மா" என்றார். வந்துவிட்டேன்.

வட்டி ஏறிக்கொண்டே போகிறதாம். நீயும் நானும் இதுவரை கொடுத்ததெல்லாம் வட்டிக்கே போதவில்லையாம். என்ன கணக்கோ. கேட்டால் சிரிக்கிறான்.

அண்ணி

•

ஜூன் 18

அண்ணி! அண்ணி!

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கடன் என்று ஒன்று இல்லவே இல்லை!

ஓட்டலுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீஸ் இருக்கிறது. அங்கேயிருக்கும் குமாஸ்தா கோட்டுகளை வெளுக்க எங்களிடம் கொண்டுவருவார். நேற்று அவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். "உங்க அண்ணன் கடைசியா எப்பய்யா கட்டினார்?" என்று கேட்டார். எட்டு வருடத்துக்கு முன், வியாபாரம் படுத்தபோது நிறுத்தினார் என்றேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "அது செத்த கடன்யா. சட்டம் அதுக்கு எப்பவோ கதவச் சாத்தியாச்சு. கோர்ட்டுல போய்க் கேக்க அவங்களுக்கு வழி இல்ல. உங்க அண்ணிய மிரட்டுறதத் தவிர அவங்களால ஒண்ணும் ஆகாது" என்றார். என் ஜாமீனும் அதோடு போய்விட்டதாம். நீங்களோ அந்தக் கடனில் கையெழுத்தே போடாதவர். உங்களை ஒருத்தன் கேள்வி கேட்க முடியாது.

இந்த மாதிரிப் பழைய கடன்களைக் குப்பை விலைக்கு வாங்குகிறார்களாம். சில்லறையாக வாங்கி வாங்கி, கொடுக்கிற பழக்கத்தை உண்டாக்கி, கடைசியில் புதுசாக ஒரு காகிதத்தில் 'நான் கட்டுகிறேன்' என்று எழுதி வாங்கிவிடுவதுதான் தொழிலாம். அதில் கையெழுத்துப் போட்டால்தான் ஆபத்து. அது புதுக் கடன். போட்டவர் தலையில் விடிந்துவிடும். அடையாளத்துக்காகப் போட்ட கையெழுத்துகள் போகட்டும், அவற்றைச் சமாளிக்கலாம் என்கிறார்.

கொடுத்தனுப்பச் சொன்ன மடையன் நான்தான். அதை நேரில் வந்து பேசிக்கொள்வோம். இனி ஒரு நோட்டும் கொடுக்காதீர்கள். ஒரு காகிதத்தையும் தொடாதீர்கள். "கோர்ட்டுக்குப் போங்கடா" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவன் எப்படிச் சிரிக்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

இந்த மாதச் சம்பளம் வாங்கியதும் ரயில் ஏறுகிறேன். அதற்கு முன் அவளுடைய அப்பாவைப் போய்ப் பார்ப்பேன்.

உங்கள் தம்பி

•

ஜூன் 19

பஞ்சு,

ஒரு நல்ல சேதி. நீ இனி யாருக்கும் கடன்காரன் இல்லை.

நேற்று முன்தினம் சிரிப்புக்காரன் தனியாக வந்தான். தண்ணீர் கேட்டுக் குடித்தான். "தம்பி எந்த ஊர்ல இருக்கார்னு தெரிஞ்சுபோச்சுக்கா. அடுத்த வாரம் அவர் வேல செய்யிற எடத்து வாசல்லயே போய் நிக்கப் போறோம்" என்றான். நீ மருந்து போட்டுக்கொண்ட கதையும், அந்தப் பெண்ணின் அப்பா கேட்ட கேள்வியும்தான் கண் முன்னால் வந்தன. தடியன் அந்த ஓட்டல் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் விசாரித்தால் உன் கதி என்ன?

அவனே ஒரு வழி சொன்னான். "மொத்தத்தையும் நீங்க ஏத்துக்கிட்டதா எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, ஜாமீன் பேர அடிச்சிடறேன். தம்பி பக்கமே போக மாட்டோம்." ஒரு நாள் யோசித்தேன். நேற்றுச் சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டை ஈடாகக் காட்டியிருக்கிறது. உன் பெயரை என் கண் முன்னாலேயே பேனாவால் அடித்தான். நான் இரண்டு தடவை அடிக்கச் சொன்னேன்.

கோபப்படாதே. எனக்குத் தையல் இருக்கிறது, கை இருக்கிறது, மெல்ல மெல்லக் கட்டுவேன். நீ நாளைக்கே போய் அந்த மனிதர் முன்னால் நிமிர்ந்து நின்று, கடன் இல்லை என்று சொல். பொய் இல்லை, சத்தியமாகச் சொல்லலாம்.

பதினெட்டு வருடத்தில் உனக்கென்று நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான். எனக்கு நேற்று நல்ல தூக்கம் வந்தது.

அண்ணி

•

ஜூன் 25

பஞ்சு,

உன் கடிதம் நேற்று வந்தது. சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன்.

நீ எழுதின அன்றைக்குச் சாயங்காலம்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேதியை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். அப்புறம் எழுந்து போய் ஒரு சோபாவுக்கு ஓரத் தையல் போட்டேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?

என் கடிதம் இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். அதைப் படித்துவிட்டு நீ தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருப்பாய். முட்டாதே. முட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அண்ணி

•

ஜூன் 27

அண்ணிக்கு,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இது மூன்றாவது காகிதம்.

குமாஸ்தாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. மிரட்டி வாங்கினார்கள் என்று சொல்லலாமே என்றேன். "யார் பார்த்தாங்க?" என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு நாள் அவகாசம் கொடுத்து, நீங்களாகவே போட்ட கையெழுத்து. வழக்கு நடத்தலாம், வருடக் கணக்கில் இழுக்கும், செலவாகும் என்றார். எவ்வளவு என்றும் சொன்னார். அதைக் கேட்டுவிட்டுக் கோட்டை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது அண்ணி. உங்கள் மேல் வருகிறது. யாரைக் கேட்டு என்னைக் காப்பாற்றினீர்கள்? நான் கேட்டேனா? அப்புறம் என் மேல் வருகிறது. அவளைப் பற்றி உங்களுக்கு எழுதியிருக்கவே கூடாது. ஏப்ரலில் அந்தப் பேனாவை உடைத்துப் போட்டிருக்க வேண்டும்.

நான் வந்துவிடுகிறேன். வந்து, நானும் சேர்ந்து கட்டுகிறேன் என்று அவனிடமே சொல்கிறேன். நீங்கள் தனியாக அந்தச் சோபாவைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்கள் தம்பி

•

ஜூலை 6

பஞ்சு,

இதைச் சொல்வது உன் அண்ணி இல்லை, உனக்குச் சாப்பாடு போட்டு வளர்த்தவள். இங்கே வந்தாயானால் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவேன்.

கொஞ்சம் புத்தியோடு யோசி. நான் போட்ட கையெழுத்தால் கிடைத்த ஒரே லாபம் உன் பெயர் அடிபட்டதுதான். நீ வந்து 'நானும் கட்டுகிறேன்' என்று வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும். அப்புறம் நான் செய்தது எதற்கு? மண்ணுக்கா? உன் குமாஸ்தாவையே கேட்டுப் பார். நீ ஒரு பைசா கொடுத்தாலும் உன்னையும் சேர்த்து இழுப்பார்கள்.

வாரா வாரம் வருகிறார்கள். இப்போது தடியன் வருவதில்லை, தேவைப்படவில்லை. சிரிப்புக்காரன் காலையிலேயே வந்து பட்டறையில் உட்கார்ந்துகொள்கிறான். யாராவது வேலைக்குப் பணம் கொடுத்தால் என் கையிலிருந்து நேரே அவன் கைக்குப் போகிறது. நூல் வாங்கக் கொஞ்சம் விட்டுவைக்கிறான். நூல் இல்லாவிட்டால் நான் எப்படித் தைப்பேன், அவன் எப்படி வாங்குவான்? அந்த அளவுக்குக் கரிசனம். நவம்பருக்குள் பாதியாவது கட்டாவிட்டால் வீட்டுக்குப் பூட்டுப் போடுவோம் என்று சொல்லியிருக்கிறான். கட்ட முடியாது. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சீட் கவர் தைக்கிற கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

வீடு போகும். போகட்டும். நீ போகக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு.

லாரிக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், உன் கையிலிருந்து இனி ஒரு நோட்டும் வாங்கக் கூடாது என்று. கல்யாணத்தை முடி. நான் வர முடியாது, நான் வந்தால் என் பின்னாலேயே அவனும் வருவான். அந்தப் பெண்ணிடம் சொல், உனக்கு இரண்டாம் தடவை சாப்பாடு வேண்டுமென்றால் தட்டை விட்டு எழுந்திருக்க மாட்டாய், வாயைத் திறந்தும் கேட்க மாட்டாய். அவளாகப் பார்த்துப் போட வேண்டும்.

அண்ணி

•

ஆகஸ்ட் 17

அண்ணிக்கு,

அடுத்த மாதம் ஏழாம் தேதி கல்யாணம். அவளுடைய அப்பா மறுபடி கேட்டார். கடன் இல்லை என்றேன். நீங்கள் சொன்ன மாதிரி நிமிர்ந்து நின்று சொல்லத்தான் பார்த்தேன். முடியவில்லை. அழுதுவிட்டேன். மாப்பிள்ளை சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டு தட்டிக்கொடுத்தார்.

அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது, புடவைக்கு என்று வைத்திருந்ததில் பாதியை என் கையில் திணித்தாள். "உங்க அண்ணிக்கு அனுப்புங்க. அவங்க கல்யாணத்துக்கும் வர முடியாது, நாம ஒண்ணும் செய்யவும் கூடாதுன்னா என்ன நியாயம் இது?" என்றாள்.

லாரிக்காரர் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மனுஷன் உங்களுக்கு அவ்வளவு பயப்படுகிறார். அதனால் இன்று மணியார்டர் செய்திருக்கிறேன். திட்டாதீர்கள். இது கடனுக்கு இல்லை, உங்களுக்கு. நல்ல துணியாக ஒன்று வாங்கி, ஏழாம் தேதி காலையில் உடுத்திக்கொண்டு உட்காருங்கள். எனக்கு அது போதும். இந்த ஒரு தடவைதான் அண்ணி.

உங்கள் தம்பி

•

ஆகஸ்ட் 24

பஞ்சு,

மணியார்டர் நேற்றுக் காலையில் வந்தது. உன் கடிதம் மத்தியானம்தான் வந்தது.

தபால்காரர் வாசலில் நின்று, "மணியார்டர் வந்திருக்கும்மா, தம்பி அனுப்பியிருக்கார்" என்று வாய் நிறையச் சொன்னார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? எனக்குப் பணம் வந்ததில் அவருக்குச் சந்தோஷம். சிரிப்புக்காரன் உள்ளே உட்கார்ந்திருந்தான். நான் மெஷினை விட்டு எழுந்திருப்பதற்குள் அவன் எழுந்து போய், "குடுங்க, அக்காகிட்ட நான் காட்டுறேன்" என்று தாளைக் கையில் வாங்கிவிட்டான். பிடுங்கினேன். அவன் விட்டுக்கொடுத்துவிட்டான், அதற்குள் படித்து முடித்திருந்தான். ஓட்டல் பெயர், சந்து, சலவைக்கூடம், எல்லாம் உன் அழகான கையெழுத்தில்.

"இத்தன மாசமா எந்த ஊருன்னே தெரியாமத்தான் தேடிக்கிட்டிருந்தோம்க்கா" என்றான். பஞ்சு, அவனுக்குத் தெரியவே தெரியாது. ஜூனில் என்னிடம் சொன்னது வெறும் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தம்பி பேரைத்தான் அடித்தாயிற்றே என்று கத்தினேன். தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். "அது பழைய பேப்பர்லக்கா. இப்ப அவரே பணம் அனுப்பியிருக்காரே. அவரும் சேந்து கட்டுறார்னுதானே அர்த்தம்?" என்றான். பணத்தையும் எடுத்துக்கொண்டான். அது துணிக்காக அனுப்பியது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுக்க மாட்டேன் என்று என்ன சொல்லியிருக்கப் போகிறேன்?

மருந்துக்கடைக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவர் போனில் அந்த ஓட்டலுக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள். ரூம் நம்பர் என்ன என்றாள். ரூம் இல்லை, சலவையில் வேலை செய்கிறவர் என்றேன். "ஸ்டாஃப்புக்குப் போன் குடுக்க மாட்டோம்" என்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. லாரிக்காரர் வேறு பக்கம் லோடு ஏற்றிப் போயிருக்கிறார், வர இரண்டு வாரம் ஆகுமாம். நானே ரயில் ஏறிவிடலாம் என்று பார்த்தால், டிக்கெட்டுக்குக் காசு அவன் பையில்தான் இருக்கிறது. கடன் கேட்கலாம் என்று தெருவில் இறங்கினேன். மாடி வீட்டுக்காரி என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கும் எத்தனை போன் போயிருக்கிறதோ.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று அவளிடம் சொல். பாதிப் புடவையைக் கொடுத்தவள் மேல் யாருக்குக் கோபம் வரும்? உன் மேலும் இல்லை. நீ அனுப்பாமல் இருந்திருந்தால் நீ யாரோ ஒருவனாக இருந்திருப்பாய். ஆனால் பஞ்சு, ஏனடா அனுப்பினாய்?

இன்று காலையில் சிரிப்புக்காரன் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வந்தான். கூடத் தடியனும் வந்தான், ரொம்ப நாளைக்கு அப்புறம். உள்ளே வரவில்லை, ரயிலுக்கு நேரமாகிறதாம். வாசலில் நின்றபடியே, "தம்பிய நேர்ல பாக்கத்தான் போறோம்க்கா. ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான்.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும்தான், உன் கைக்கு வர ஆறு நாளாகும் என்று தெரிந்தும், இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணி